இரண்டாவது மேசை

தொழிற்கூடத்தில் வரிசையாக ஆறு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பர்னர், பக்கத்தில் இரண்டு வால்வுகள். ஒன்று மேசைக்கடியில் இருக்கும் கேஸ் சிலிண்டருக்கு, மற்றது ஆக்சிஜனுக்கு. ஆறு பர்னர்களும் சேர்ந்து சீறும் சத்தம் நாளாக ஆகக் காதுக்குப் பழகி, கேட்காமலே போய்விடும். அதில் ஒன்று நின்றால் உடனே கேட்கும்.

அங்கே செய்வதெல்லாம் ஆய்வுக்கூடங்களுக்கான கண்ணாடிச் சாமான்கள். குடுவை, சோதனைக் குழாய், ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் கண்டென்சர். கல்லூரியில் வேதியியல் படித்த காலத்தில் அவள் எத்தனையோ முறை கண்டென்சரை ஸ்டாண்டில் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறாள். அதை ஓர் ஆள் உட்கார்ந்து வாயால் ஊதிச் செய்திருப்பார் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. படித்து முடித்து, வேலை தேடிச் செருப்புத் தேய்ந்தபோது அண்ணன்தான் அவளைத் தான் வேலைபார்க்கும் தொழிற்கூடத்துக்குக் கூட்டிவந்தான். உனக்குப் பேச்சுத்தான் வராது, கை வரும் என்றான். கை வந்தது. அண்ணனுக்கு ஜன்னலோரம் முதல் மேசை, அவளுக்கு அதை அடுத்த இரண்டாவது மேசை.

மூன்றாவது மேசைக்காரருக்கு ரேடியோ என்று பெயர். பர்னரைப் பற்றவைக்கும் முன்பே அவர் வாய் பற்றிக்கொள்ளும். ஊதுகுழாய் வாயில் இருக்கும் நேரம் மட்டும்தான் இடைவேளை. அவளுக்கு மியூட்டு என்று பெயர் வைத்தவரும் அவரே. ரேடியோ பக்கத்தில் ஒரு மியூட்டு இல்லையென்றால் கம்பெனி தாங்காது என்பார். நான்காவது, ஐந்தாவது மேசைக்காரர்களுக்குள் சொந்தமும் இல்லை, சாயலும் இல்லை. ஒரே டப்பாவில் சாப்பிட்டு, ஒன்றாகவே முகம் கழுவப் போவதால் அவர்கள் இரட்டையர். கடைசி மேசை சித்தப்பாவுடையது. அங்கே யாருக்கும் அவர் சித்தப்பா முறை இல்லை. ஆனால் முதலாளி உட்பட எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இவர்களுக்கு மேலே மேற்பார்வையாளர். கையில் எப்போதும் ஓர் எஃகு ஸ்கேல் இருக்கும். அளப்பதற்கும் அதுதான், ஆளைச் சுட்டுவதற்கும் அதுதான், முதுகு சொறிவதற்கும் அதுதான். நேரில் சார். அவர் திரும்பியதும் ஸ்கேல்.

வேறு தொழிற்சாலைகளில் டூல்டவுன் என்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பது. ரேடியோவுக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. "சுத்தியல்காரன் சுத்தியல வைப்பான், ஸ்பேனர்காரன் ஸ்பேனர வைப்பான். நாம எதக் கீழ வைக்கிறது, மூச்சையா?" என்று கேட்பார். அதனால் இங்கே டூல்டவுன் என்றால் வால்வை மூடுவது.

அதற்கும் ஒரு முறை இருந்தது. போன வருடம் எக்ஸாஸ்ட் ஃபேன் கெட்டு, கூடம் அடுப்புக்குள் உட்கார்ந்ததுபோல் ஆனபோது உண்டான முறை. முதலில் அண்ணன் மூடினான். அதைப் பார்த்து அவள் மூடினாள். அவளைப் பார்த்து ரேடியோ, ரேடியோவைப் பார்த்து இரட்டையர், கடைசியில் சித்தப்பா. சீறல் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஜன்னலுக்கு வெளியே யாரோ தும்முவது கேட்டது. மறுநாள் ஃபேன் ஓடியது. யார் ஆரம்பித்தது என்று முதலாளி விசாரித்தபோது ஒவ்வொருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பக்கத்து மேசை மூடிச்சு, நானும் மூடினேன். அந்தப் பதிலுக்காகவே அந்த முறை அப்படியே நிலைத்தது. தன் முறை வருமுன் ஒருவரும் மூடக்கூடாது. பழி முதல் மேசையோடு நிற்கும். ஆறும் அணைந்திருந்தால் முதல் மேசையையும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வருடப் பிரச்சினை ஊதாக் கண்ணாடி. சுடரில் கண்ணாடிக் குழாய் காயும்போது மஞ்சளாய் ஓர் ஒளி எழுந்து கண்ணைக் கூசவைக்கும். ஊதா நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டால் அந்த மஞ்சள் மறைந்து, குழாய் மட்டும் தெளிவாகத் தெரியும். சித்தப்பாவுடைய ஊதாக் கண்ணாடி உடைந்து வெகுநாளாயிற்று. கேட்கும்போதெல்லாம் வரும், வரும் என்றார்கள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெறுங்கண்ணோடு வேலை செய்தார். மாலையில் கண் இரண்டும் வெங்காயம் உரித்தவர்போல் இருக்கும். குழாய்கள் கோணலாக வர ஆரம்பித்தன. உடைந்த கண்ணாடியைப் போடும் டிரம்மில் அவருடைய சாமான்கள் கூடிக்கொண்டே போயின.

அண்ணன் இரண்டு முறை முதலாளியிடம் போய்க் கேட்டான். மூன்றாவது முறை கேட்க மாட்டேன், மூடிவிடுவேன் என்று வெளியே வந்து சொன்னான். சரி என்றார்கள் எல்லோரும். எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று காலை அவள் வந்தபோது சித்தப்பா அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பெரிய கண்டென்சருக்கான குழாய்கள். உள்குழாயை வெளிக்குழாய்க்குள் நிறுத்தி, இரண்டு முனையையும் வளையமாக ஒட்டவேண்டிய வேலை. கூடத்தில் நல்ல கைகாரர்களே யோசித்து எடுக்கும் வேலை. அண்ணன் இன்னும் உள்ளே வரவில்லை. வாசலில் காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தான்.

"கண்ணு, இத நீ போட்டுக் குடு" என்றார் சித்தப்பா. "உன் சின்ன வேலைய நான் பாக்குறேன்."

அவள் அவரைப் பார்த்தாள்.

நேற்று ஸ்கேல் தன்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டதாக அவர் சொன்னார். இது ஒழுங்காக வந்தால் இருக்கலாம், இல்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம். இதுதான் பேச்சு. வீட்டில் மனைவி படுத்த படுக்கை, மருந்துக்கு இந்த வேலைதான் என்று அவர் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணன்கிட்ட சொன்னா…" என்றாள்.

"வேணாம் கண்ணு. அவன் நல்லவன். ஆனா அவன் வாயில எதுவும் வேகாது. நேரா ஸ்கேல்கிட்ட போய் நின்னு, இதென்ன சார் பரீட்சைன்னு ஆரம்பிச்சிடுவான். அப்புறம் எனக்கு இந்தப் பரீட்சையும் இல்லாமப் போயிடும்."

அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்குச் சுலபம்.

முதல் முனை மதியத்துக்கு முன்பே முடிந்தது. அதை ஓவனில் வைத்து, விரிசல் விடாதபடி மெல்லச் சூட்டைத் தணித்து எடுத்தாள். கூடத்தில் ஒரே சமயத்தில் பல கண்டென்சர்கள் ஓடும். அவள் கையில் இருப்பது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ரேடியோ மட்டும் எட்டிப் பார்த்து, மியூட்டு பெரிய இடத்துக்குப் போயிடுச்சு என்றார்.

இரண்டாவது முனைதான் ஆபத்து. அதை ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. இரண்டு கையும் குழாயின் இரண்டு பக்கத்தைப் பிடித்து ஒரே வேகத்தில் உருட்டவேண்டும். ஒரு கை முந்தினால் முறுக்கிக்கொள்ளும். நின்றால் இளகிய இடம் தொங்கிவிடும். வாயில் ரப்பர் குழாயைக் கடித்துக்கொண்டு, அளவாய் ஊதி ஊதி ஒட்டிய இடத்தை நிமிர்த்த வேண்டும். ஒட்டியபின் ஆக்சிஜனைக் குறைத்து, சுடரை மஞ்சளாக்கி, கண்ணாடியின் மேல் கரி படியும்வரை மெல்ல ஆறவிடவேண்டும். பாதியில் சுடரை விட்டு எடுத்தால் டிக் என்று விரிசல் விடும் சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு வேலை முடிந்தது.

வளையம் சிவந்து, உள்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றையொன்று தொட்ட நேரம் ஸ்கேல் உள்ளே வந்தார்.

நேராகக் கடைசி மேசைக்குப் போனார். அவர் குரல் மட்டும் அவளுக்குக் கேட்டது. தலையைத் திருப்ப முடியாது. பெரிய பீஸ் எங்கே என்று கேட்டார். ஓவனில் இருக்கிறது என்றார் சித்தப்பா. அப்படியானால் இது என்ன என்று கேட்டு, மேசையில் சித்தப்பா செய்துவைத்திருந்த சின்னக் குழாய்களை ஸ்கேலால் உருட்டிப் பார்த்தார். அவை அவளுடைய வேலை. அடியை உருண்டையாக மூடவேண்டிய சோதனைக் குழாய்கள். அதில் ஒன்றை எடுத்து டிரம்மில் போட்டார். அடுத்ததை எடுத்துப் போட்டார். உடையும் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது.

"இதுகூடத் தெரியலையா பெருசு? கண்ணு போச்சுன்னா வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்குறது. இங்க வந்து ஏன் கம்பெனி கண்ணாடியத் தின்னுறீங்க?"

முதல் மேசையில் சீறல் நின்றது.

அண்ணன் முதலில் ஆக்சிஜனை மூடினான், பிறகு கேஸை. அவசரமே இல்லை. கையிலிருந்த குழாயை ஸ்டாண்டில் சாய்த்துவைத்தான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. தன் கையில் இருப்பது யாருடைய வேலை என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் பொறுப்பான். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லவேண்டும். ஆனால் வாயில் ரப்பர் குழாய். அதை விட்டால் வளையம் உள்ளே அமுங்கிவிடும். இரண்டு கையும் உருட்டிக்கொண்டிருந்தன. கண்ணால் சொல்லலாம் என்று புருவத்தை உயர்த்தினாள், கெஞ்சினாள். கண்ணை ஊதாக் கண்ணாடி மறைத்திருந்தது. அவனுக்குத் தெரிந்திருக்கக்கூடியது ஒன்றுதான். தங்கை தலைநிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"பாப்பா" என்றான் அண்ணன். மெதுவாகத்தான் சொன்னான்.

அவள் ஊதினாள். வளையம் நிமிர்ந்தது. உருட்டினாள்.

ஓரக்கண்ணில் ரேடியோவின் கை தெரிந்தது. அது வால்வின்மேல் இருந்தது. அவர் அவளுடைய சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரட்டையர் ரேடியோவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். கூடம் முழுவதும் இரண்டாவது மேசையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவள் முழங்கையால் வால்வைத் தள்ளி ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்தாள். சுடர் தணிந்ததைப் பார்த்து ரேடியோ மூச்சை இழுத்தார். சுடர் அணையவில்லை, மஞ்சளானது. அவள் அதில் குழாயை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ரேடியோவின் கை வால்விலிருந்து இறங்கி, அடுத்த குழாயை எடுத்தது.

ஸ்கேல் நடந்து வந்தார். முதல் மேசையின் அணைந்த பர்னரை ஸ்கேலால் தட்டினார். ட்ங் என்றது.

"என்னப்பா, உனக்கு மட்டும் கேஸ் தீந்துடுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அதுவே அவர்கள் அண்ணனுக்குச் செய்த ஒரே உபகாரம். அவன் ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டான். தன் ஊதாக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வரிசை முழுவதும் நடந்தான். அவள் முதுகுக்குப் பின்னால் போகும்போது நடை தயங்கவில்லை. கடைசி மேசையில் சித்தப்பாவுக்கு முன்னால் அதை வைத்துவிட்டு வெளியே போனான்.

ஆறு பேர் மூடினால் டூல்டவுன். ஒருவன் மூடினால் அவன் வேலையை விட்டுப் போனவன். ஸ்கேல் அன்று மாலையே முதலாளியிடம் அப்படித்தான் சொன்னார். அதில் பொய்யும் இல்லை.

கரி நன்றாகப் படிந்ததும் அவள் குழாயை ஓவனில் வைத்துக் கதவைச் சாத்தினாள். இப்போது மூடலாம். கை காலியாக இருந்தது, வாயும் காலியாக இருந்தது. ஆனால் ரேடியோ புது வேலை ஆரம்பித்துவிட்டார். இரட்டையர் குனிந்திருந்தார்கள். அவள் வாசலுக்கு ஓடினாள். உங்க அண்ணன் அப்பவே போயாச்சு என்றார் காவலாளி. என்னம்மா, சண்டையா என்றார்.

வீட்டுக்குப் போகும்போது வெளிச்சம் இருந்தது. அண்ணி முன் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் வாய்க்கு அவளும் அண்ணனும் சேர்ந்து பயப்படுவார்கள்.

"வாம்மா" என்றாள் அண்ணி. "ரெண்டு பேரா வேலைக்குப் போனீங்க. ஒருத்தராவது வேலையோட திரும்பி வந்திருக்கீங்களே. பாதி தேறிச்சு."

அண்ணன் பின்பக்கத் தொட்டியில் கசியும் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். மாதக்கணக்கில் கசிந்த குழாய். இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சித்தப்பா கேட்டது, ஸ்டோர் ரூம் பேச்சு, இரண்டாவது முனை, வளையம். வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவன் நடுவில் குறுக்கிடவில்லை. வாஷரை விரலில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"வாயில ட்யூப் இருந்துச்சுண்ணா" என்று முடித்தாள்.

"துப்பியிருக்கலாம்."

"உடைஞ்சிருக்கும்."

"உடைஞ்சிருக்கட்டுமே பாப்பா" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலை. "ஆறு பேரும் வெளிய நின்னிருந்தா, அந்தப் பீஸ யாரு கேட்டிருப்பா?"

அவன் சொன்னது சரி. அவள் செய்ததும் சரி என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இரண்டு சரியையும் அவளால் சேர்த்து வைக்க முடியவில்லை. ஒன்றை எடுத்தால் மற்றது உருண்டு போயிற்று.

அவன் குழாயை முடுக்கினான். திறந்து பார்த்தான், மூடிப் பார்த்தான். கசிவு நின்றிருந்தது.

"ரெண்டாவது ஒட்டு நல்லா வந்துச்சா?" என்று கேட்டான்.

"வந்துச்சு."

"ம்" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு நீ போ, ரெண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் உங்க அண்ணி நம்மையும் மடித்து அலமாரியில் வைத்துவிடுவாள் என்றான். அவள் சிரிக்க முயன்றாள். அவனும் முயன்றான்.

மறுநாள் ஓவனைத் திறந்தார்கள். ஸ்கேல் கண்டென்சரைத் துடைத்து, வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் பிடித்துத் திருப்பினார். கண்ணாடிக்குள் இறுக்கம் மிச்சம் இருந்தால் அந்தப் பெட்டியில் வானவில்போல நிறம் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு ஒட்டும் தண்ணீர்போல இருந்தன.

"பாத்தீங்களா?" என்றார் கூடத்தைப் பார்த்து. "ஊதாக் கண்ணாடி இல்லாமயே பெருசு என்னமா செஞ்சிருக்காரு. இதுக்குப் போய் ஒருத்தன் வேலைய விட்டுட்டுப் போறான்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தன்னடக்கம் என்று ஸ்கேல் எடுத்துக்கொண்டார். இதேபோல இன்னும் வேண்டும் என்று அவர் மேசையில் ஒரு கட்டு குழாயை வைத்தார். பிறகு அவளிடம் வந்து, ஜன்னலோர மேசையைச் சும்மா போட்டுவைக்க முடியாது, நீ அதில் உட்கார் என்றார். உனக்குப் பொறுப்பு இருக்கிறது என்பதை நேற்றே பார்த்தேன் என்றும் சொன்னார். ரேடியோ வாயில் குழாயை வைத்துக்கொண்டார். ஊதவில்லை.

அவள் அண்ணனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் உயரத்துக்கு ஏற்றிவைத்த நாற்காலி. கால் தரையில் எட்டவில்லை. அதை இறக்கவும் மனம் வரவில்லை.

அதன்பின் தினமும் காலையில் ஸ்கேல் வருவதற்கு முன்பு குழாய்கள் இடம் மாறின. சித்தப்பாவின் கட்டு முதல் மேசைக்கு, அவளுடைய சில்லறை வேலை கடைசி மேசைக்கு. இது எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணன் கொடுத்த ஊதாக் கண்ணாடியைச் சித்தப்பா போட்டுக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள்.

"எரிச்சல் கொறஞ்சிருக்கு கண்ணு. நெருப்பு தெரியுது."

"குழாய்?"

"அது அப்படியேதான். புகைக்குள்ள பாக்குற மாதிரி." சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "உன் அண்ணன்கிட்ட இதச் சொல்லாத. நல்லா தெரியுதுன்னு சொல்லு."

அவள் வீட்டில் அப்படியே சொன்னாள். பரவாயில்லையே என்றான் அண்ணன். அவன் வேறு இடங்களில் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடி ஊதுகிற தொழிற்கூடங்கள் தெருவுக்குத் தெரு கிடையாது. இருக்கிற ஒன்றிரண்டிலும் ஸ்கேலுக்கு ஆள் தெரிந்திருந்தது. பகலில் அண்ணன் வீட்டில் எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருந்தான். பழுது பார்க்க இனி ஒன்றும் மிச்சம் இல்லை, நல்லதைப் பிரித்துப் பழுதாக்கினால்தான் உண்டு என்றாள் அண்ணி.

வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் ஸ்கேல் கடைசி மேசைக்குப் போய்ச் சித்தப்பாவின் முகத்திலிருந்த ஊதாக் கண்ணாடியைச் சுட்டினார்.

"அதக் குடுங்க. கம்பெனி சொத்து. திங்கட்கிழமை ரெண்டாவது மேசைக்குப் புது ஆள் வர்றான், அவனுக்கு வேணும்."

சித்தப்பா கழற்றிக் கொடுத்தார். கழற்றிய கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சுடருக்கு முன்னால் குனிந்தார். ஸ்கேல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் வந்து நின்று, வெளியே வந்த வண்டியைப் பார்த்தார்.

அவள் கையில் ஒரு குழாய் இருந்தது. இன்னும் சுடரில் காட்டாத பச்சைக் குழாய். அதை ஸ்டாண்டில் வைத்தாள். வாயில் ஒன்றும் இல்லை. ஊதாக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். கண் தெரியட்டும். இந்த முறை எதுவும் தடுக்கவில்லை.

ஆக்சிஜனை மூடினாள். பிறகு கேஸை.

முதல் மேசையின் சீறல் நின்றது. அவள் கை வால்வின்மேலேயே இருந்தது. இனி இரண்டாவது மேசை மூடவேண்டும்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாவது மேசையில் ஆள் இல்லை. அவள் எழுந்து வந்த நாளிலிருந்து அந்த பர்னர் எரியவில்லை. அதற்கு அப்பால் ரேடியோ. அவர் தலையைத் தூக்கினார். பழக்கத்தில் பக்கத்து மேசையைத்தான் பார்த்தார். காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருட்டாக இருந்தது. அங்கே மூட எதுவும் இல்லை. அதனால் அவருடைய முறை வந்ததா வரவில்லையா என்று சொல்லவும் யாரும் இல்லை. அவருக்குப் பின்னால் இரட்டையர் ரேடியோவின் கையைப் பார்த்தார்கள். கடைசியில் சித்தப்பா, புகைக்குள் பார்க்கிறவர், ஒன்றையும் பார்க்கவில்லை.

ஏதாவது சொல்லவேண்டும். மூடுங்க என்று ஒரு சொல் போதும். சித்தப்பாவின் கண்ணாடியைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஸ்கேலிடம் சொன்னாலும் போதும். வாயைத் திறந்தாள். அண்ணன் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சாதாரணமாக எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். கால் தரையைத் தேடியது, கிடைக்கவில்லை.

ஸ்கேல் ஜன்னலிலிருந்து திரும்பத் தொடங்கினார்.

ரேடியோ அதைப் பார்த்தார். ஒரு நொடி அவர் கண் அவளுடைய கண்ணில் நின்றது. அவரைப்போல் பேச்சுக்காரர் இல்லை, அவரிடமும் வேறு பேச்சு இருக்கவில்லை.

"என்ன மியூட்டு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி, "கேஸ் தீந்துடுச்சா?"

ஸ்கேல் அவளைப் பார்த்தார். அணைந்த பர்னரைப் பார்த்தார்.

"ம்" என்றாள் அவள்.

சிலிண்டரை மாத்தச் சொல்றதுதானே, வாயில என்ன கொழுக்கட்டையா என்று ஸ்கேல் கேட்டுவிட்டுப் போனார். அவள் நெற்றியிலிருந்த ஊதாக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். லைட்டரை எடுத்தாள். முதல் தட்டலில் பற்றவில்லை. இரண்டாவது தட்டலில் பற்றியது.

கடைசி மேசைப் பக்கமிருந்து, உடைந்த கண்ணாடியைப் போடும் டிரம்மில் ஒரு சின்னக் குழாய் விழும் சத்தம் கேட்டது. அது அவளுடைய வேலை. அவள் ஆக்சிஜனைத் திறந்து, சித்தப்பாவின் குழாயைக் கையில் எடுத்தாள்.